பூஜ்யத்தில் நின்ற கோடு

2023ஆம் ஆண்டுக் கோடையில் அம்மாவின் இரத்தச் சர்க்கரை எதற்கும் கட்டுப்படாமல் ஏறிக்கொண்டிருந்தது. பத்து ஆண்டுகள் மாத்திரை, அதன்பின் நான்கு ஆண்டுகள் இன்சுலின் என்று பெரிய குழப்பமின்றிச் சென்றுகொண்டிருந்த கணக்கு அது. மருத்துவர் இருமுறை அளவைக் கூட்டினார். மூன்றாம் முறை சீட்டெழுதப் பேனாவைத் திறந்தவர், அதை மூடி வைத்துவிட்டு, "மருந்தை எங்கே வைக்கிறீங்கம்மா?" என்று கேட்டார்.

"ஃப்ரிட்ஜ்லதான்" என்றாள் அம்மா.

"ஃப்ரிட்ஜ் ஒழுங்கா ஓடுதா?"

"ஓடுதே."

அருகில் அமர்ந்திருந்த எனக்கு அந்த 'ஓடுதே' போதுமானதாக இல்லை. அப்பா காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அருப்புக்கோட்டைப் பக்கத்திலுள்ள எங்கள் பழைய வீட்டில் அம்மா தனியாக இருக்கிறாள். நான் சென்னையில் இருக்கிறேன். மாதம் ஒருமுறை வருவேன், இரண்டு நாள் இருப்பேன், போய்விடுவேன். அந்தக் குளிர்பெட்டி இருபது வயதைத் தாண்டியது. ஒற்றைக் கதவு, மேலே பனித்தட்டு, கீழே மூன்று கம்பித்தட்டுகள், அடியில் காய்கறிப் பெட்டி. அது ஓடுகிறது என்பது அதன் உறுமலிலிருந்து தெரியும். எவ்வளவு குளிர்கிறது என்பது யாருக்கும் தெரியாது.

இன்சுலின் ஒரு புரதம். திறக்காத சீசாக்களை 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். சூடேறினால் அதன் வீரியம் சிறுகச் சிறுகக் குறையும். உறைந்துபோனால் ஒரேயடியாகக் கெடும். மீண்டும் உருகித் தெளிந்தாலும் அதைப் பயன்படுத்தக் கூடாது. பார்த்த மாத்திரத்தில் நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய முடியும் என்று நம்பவும் முடியாது. அன்றிரவு சென்னைக்குப் பேருந்தில் திரும்பும்போது, அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதை எப்படியாவது பார்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஒரு சாதாரண வெப்பமானியை வாங்கி உள்ளே வைத்திருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். இப்போது அது தெரிகிறது. அப்போது என் மேசை இழுப்பறையில் ஒரு ராஸ்பெர்ரி பை தூங்கிக்கொண்டிருந்தது. அலுவலக நண்பர் ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது கொடுத்தது. கையில் இருக்கும் கருவிதான் நமக்குத் தோன்றும் வழியையும் தீர்மானிக்கிறது.

*

அறியாத நண்பர்களுக்காக ஒரு சொல். ராஸ்பெர்ரி பை என்பது ஒற்றைப் பலகையில் அமைந்த முழுக் கணினி. வங்கி அட்டையின் அளவுதான் இருக்கும். பள்ளி மாணவர்கள் கணினியைப் பயன்படுத்துவதோடு நிற்காமல் அதைத் தொட்டும் தோண்டியும் பழக வேண்டும் என்ற எண்ணத்தில், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் எபன் அப்டனும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய அறக்கட்டளையின் முயற்சி. 2012 பிப்ரவரி 29 அன்று முதன்முதலில் விற்பனைக்கு வந்தது. மற்றக் கணினிகளிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது அதன் ஓரத்தில் இரு வரிசையாக நிற்கும் ஊசிமுனைகள். தொடக்கத்தில் 26 இருந்தன. 2014க்குப் பின் 40. கணினி தன் பெட்டிக்கு வெளியேயுள்ள உலகத்தைத் தொட்டறியும் விரல் நுனிகள் அவை.

நான் வணிகவியல் படித்தவன். மின்னணுவியலில் எனக்கிருந்த ஞானம், பள்ளியில் பல்பும் மின்கலமும் இணைத்த அளவே. ஆகவே அந்த நாற்பது முனைகளையும் முதலில் அச்சத்தோடுதான் பார்த்தேன். அச்சத்துக்குக் காரணமும் உண்டு. அவற்றுள் சில 5 வோல்ட் தருபவை, சில 3.3 வோல்ட் தருபவை, சில நிலத்தொடர்பு. மீதியுள்ள உள்ளீட்டு முனைகள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காதவை. தவறிப்போய் 5 வோல்ட்டை அவற்றில் கொடுத்தால் பலகையே பழுதாகலாம். புகை வரவேண்டும் என்றுகூட இல்லை, சத்தமின்றிச் செத்துப்போகும்.

இதற்கு மேல் எண் குழப்பம் ஒன்று. ஒவ்வொரு முனைக்கும் இரண்டு எண்கள். வரிசையில் எண்ணிக்கொண்டு போனால் வருவது ஒன்று, உள்ளேயிருக்கும் சில்லு அதற்கு வைத்திருக்கும் பெயர் மற்றொன்று. வரிசையில் ஏழாவதாக நிற்பதன் பெயர் நான்கு. சென்னையில் வீடு தேடியவர்களுக்கு இது புதிதல்ல. பழைய எண், புதிய எண் என்று இரண்டையும் வாசலில் எழுதியிருப்பார்கள். தபால்காரர் எதை நம்புகிறார் என்பது தெரியாமல் நாம் தெருவில் நிற்போம். நான் ஒரு தாளில் நாற்பது கட்டங்கள் வரைந்து, இரு எண்களையும் எழுதி, மேசைக்கு மேலே ஒட்டிக்கொண்டேன்.

உணரியை ரிச்சி தெருவில் வாங்கினேன். டி.எஸ்.18பி20 என்பது அதன் பெயர். டல்லாஸ் செமிகண்டக்டர் என்ற அமெரிக்க நிறுவனம் உருவாக்கியது. நான் வாங்கியது நீர்புகாதபடி ஒரு சிறிய எஃகுக் குப்பிக்குள் அடைத்த வகை, சுண்டுவிரலினும் மெலிந்தது. அதிலிருந்து ஒரு மீட்டர் நீளத்தில் மூன்று கம்பிகள் வந்தன: சிவப்பு, கறுப்பு, மஞ்சள். சிவப்பு 3.3 வோல்ட்டுக்கு, கறுப்பு நிலத்தொடர்புக்கு, மஞ்சள் சேதிக்கு. மஞ்சளைத்தான் அந்த ஏழாம் முனையில், அதாவது நான்காம் எண்ணில், செருக வேண்டும்.

கடைக்காரர் கம்பிகளோடு ஒரு சிறு மின்தடையையும் பொட்டலத்தில் போட்டு, "இதை விட்டுடாதீங்க சார்" என்றார். மஞ்சள், ஊதா, சிவப்பு வளையங்கள், 4,700 ஓம். அவ்வளவு சின்னப் பொருள் என்ன செய்துவிடப் போகிறது என்று எண்ணி அதை விட்டுவிட்டேன். நேராக மூன்று கம்பிகளையும் செருகி, கணினியில் ஒற்றைக்கம்பித் தொடர்பை இயக்கச் சொல்லும் வரியை அமைப்புக் கோப்பில் எழுதி, மறுபடி துவக்கினேன். எல்லாம் சரியாக இருந்தால் 28 என்று தொடங்கும் நீண்ட பெயருடன் ஒரு கோப்புறை தோன்ற வேண்டும். அது அந்த உணரியின் பிறவிப் பெயர். உலகில் வேறெந்த உணரிக்கும் அந்தப் பெயர் இராது. எனக்குத் தோன்றியவையோ 00 என்று தொடங்கும் பெயர்கள். சில நிமிடங்களுக்கு ஒன்றாகப் புதிது புதிதாகத் தோன்றின. இல்லாத உணரிகளின் பேய்ப் பெயர்கள்.

அந்த இரவில்தான் மின்தடையின் வேலை எனக்கு விளங்கியது. இந்த உணரி பேசும் முறை விசித்திரமானது. அதற்குச் சேதிக்கம்பியைக் கீழே, அதாவது சுழி வோல்ட்டுக்கு, இழுக்க மட்டுமே தெரியும். மேலே தூக்கத் தெரியாது. கீழே இழுத்துவிட்டு, விட்டுவிடும். விட்ட கம்பி எங்கே போகும்? யாரும் பிடிக்காத கம்பி மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. சுற்றியுள்ள மின்னிரைச்சலுக்கெல்லாம் ஆடும். கணினி அந்த ஆட்டத்தையும் சேதி என்றே படிக்கும். அதனால்தான் பேய்ப் பெயர்கள். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே அந்த மின்தடையைப் போட்டால், அது கம்பியை மெல்ல மேலே பிடித்திருக்கும். உணரி இழுக்கும்போது விட்டுக்கொடுக்கும், உணரி விட்டதும் திரும்ப மேலே கொண்டுவந்துவிடும். மேலிழு மின்தடை என்று சொல்லலாம். முனைகளுக்குள்ளேயே இவ்வகைத் தடைகள் உண்டு. ஆனால் அவை ஏறத்தாழ 50,000 ஓம் அளவுடையவை. இந்த வேலைக்கு அந்தப் பிடி போதாது.

மின்தடையைச் செருகினேன். 28 என்று தொடங்கும் பெயர் வந்து நின்றது. கோப்பைத் திறந்தால் இரண்டே வரிகள். முதல் வரியின் இறுதியில், சேதி சிதையாமல் வந்தது என்பதற்கு 'யெஸ்' என்ற சொல். இரண்டாம் வரியின் இறுதியில் ஓர் எண்: 28437. ஆயிரத்தால் வகுத்தால் 28.437 பாகை. என் அறையின் சூடு. குப்பியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டேன். எண் ஏறியது. சிறு பிள்ளையைப்போல மறுபடி மறுபடி செய்து பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வெட்கமில்லை.

அடுத்த நாள் திடீரென்று 85 பாகை காட்டியது. பதறிப்போய்க் குப்பியைத் தொட்டேன்; குளிர்ந்தே இருந்தது. தேடிப் படித்ததில் காரணம் கிடைத்தது. இந்த உணரிக்கு மின்சாரம் வந்ததும், இன்னும் எதையும் அளக்காத நிலையில், அதன் நினைவில் இருக்கும் எண் 85. சிவப்புக் கம்பியின் இணைப்பு தளர்ந்து, அளந்துகொண்டிருக்கும்போதே மின்சாரம் விட்டு விட்டு வந்திருக்கிறது. 'நான் இன்னும் பார்க்கவில்லை' என்று சொல்ல அதற்கு வேறு சொல் இல்லை. ஆகவே 85 என்கிறது. அதையும் சிதையாமல் சொல்வதால் முதல் வரியில் 'யெஸ்' என்றும் வந்துவிடுகிறது. கம்பிகளைப் பற்றவைத்து இறுக்கினேன். வரும் எண்ணையெல்லாம் நம்பக் கூடாது என்ற பாடம் மனத்தில் நின்றுவிட்டது. அந்தப் பாடம் பின்னால் என்னைக் கொஞ்சம் தவறான வழியிலும் நடத்தியது.

கடைசியாக ஒரு சோதனை. ஒரு தம்ளரில் பனிக்கட்டியை நொறுக்கிப் போட்டு, நீர் ஊற்றிக் கலக்கி, குப்பியை நடுவில் நிறுத்தினேன். எண் இறங்கி 0.125இல் நின்றது. பனி கரைந்து தீரும்வரை அங்கேயே நின்றது. உணரி சரியானது என்று திருப்தியடைந்தேன்.

*

அடுத்த முறை ஊருக்குப் போனபோது எல்லாவற்றையும் எடுத்துச் சென்றேன். குளிர்பெட்டிக்குள் இருக்கும் காற்று கதவைத் திறந்த கணத்தில் சூடாகிவிடும். மருந்து அவ்வளவு விரைவில் சூடாகாது. ஆகவே ஒரு பழைய இருமல் மருந்துச் சீசாவில் நீர் நிரப்பி, அதற்குள் குப்பியை இறக்கி, அம்மா இன்சுலின் வைக்கும் இடத்திலேயே வைத்தேன். பனித்தட்டுக்கு நேர் கீழே. "நல்லாக் குளிரட்டும்னு அங்க வச்சிருக்கேன்" என்றாள். மெல்லிய கம்பியைக் கதவின் ரப்பர் இடுக்கு வழியாக வெளியே கொண்டுவந்தேன். குளிர்பெட்டியின் செருகியும் கணினியின் செருகியும் சுவரில் ஒரே பலகையில் அடுத்தடுத்து இருந்தன. வீட்டில் இன்வெர்ட்டர் கிடையாது.

"இது கரண்ட் ரொம்ப இழுக்குமாய்யா?"

"சின்ன பல்பு மாதிரிதாம்மா."

"என்ன செய்யும்?"

"ஃப்ரிட்ஜுக்குள்ள எவ்வளவு குளிர் இருக்குன்னு பாத்து எழுதி வைக்கும்."

நான் சொன்னது பொய்யல்ல. ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை அளந்து எழுதிவைக்கத்தான் அதற்குச் சொல்லியிருந்தேன். எழுதியதை ஒரு மணிக்கு ஒருமுறை சென்னையிலிருக்கும் எனக்கு அனுப்பவும் சொல்லியிருந்தேன். அதை அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

முதல் வாரத்தின் எண்களைக் கோடாக வரைந்து பார்த்தேன். பகலில் 5 பாகையை ஒட்டி மேலும் கீழும் அலைந்தது. இரவு பத்து மணியளவில் கோடு ஏறத் தொடங்கியது. விடியற்காலை ஐந்து மணிக்கு 12 பாகை. அதன்பின் இறங்கிக் காலை பத்துக்குள் பழைய இடத்துக்கு வந்தது. மறுநாளும் அப்படியே. ஏழு நாளும் அப்படியே. இணைப்புத் தளர்ச்சி என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் தளர்ந்த கம்பி கடிகாரம் பார்த்துத் தளராது.

தொலைபேசியில் கேட்டேன். "ராத்திரி கரண்ட் போகுதாம்மா?"

சற்றுத் தயங்கி, "ஆமாய்யா, தெனமும் போகுது" என்றாள்.

வைத்துவிட்டு மறுபடி எண்களைப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. மின்சாரம் போனால் அந்தச் சிறு கணினியும் நின்றுவிடும். நின்றால் எண்கள் இரா. செவ்வாய்க்கிழமை நண்பகலில் அப்படி நாற்பது நிமிடம் ஒரு வெற்றிடம் இருந்தது. அது மெய்யான மின்வெட்டு. இரவுகளிலோ ஒரு வரிசைகூட விடுபடவில்லை. ஐந்து நிமிடத்திற்கு ஒன்றாக, இரவு முழுவதும், எண்கள் விழித்திருந்தன. ஒரே பலகையில் ஒரு செருகியில் மின்சாரம் இருந்தது, அடுத்ததில் இல்லை. யாரோ விசையை அணைக்கிறார்கள். அந்த வீட்டில் இருப்பது ஒரே ஒருவர்தான்.

என் அம்மா என்னிடம் பொய் சொல்லிவிட்டாள் என்பதைவிட, அதை நான் இப்படிக் கண்டுபிடித்துவிட்டேன் என்பதே என்னைச் சங்கடப்படுத்தியது. களவு பிடிக்கப் போன காவலரைப்போல மேசை முன் அமர்ந்திருந்தேன். திருப்பிக் கேட்க வாய் வரவில்லை. மின்கட்டணத்துக்குப் பயந்து அணைக்கிறாள் என்று நானே ஒரு காரணத்தை ஊகித்து, அதை நம்பவும் தொடங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை இன்னொன்று நடந்தது. அன்று காலை கோடு வழக்கத்தைவிடச் செங்குத்தாக இறங்கியது. 5இல் நிற்கவில்லை. 2ஐக் கடந்தது. பதினோரு மணிக்குப் பூஜ்யத்தைத் தொட்டு, அங்கேயே நின்றுவிட்டது. பன்னிரண்டு, ஒன்று, இரண்டு. ஆடாமல் அசையாமல் அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல ஒரு நேர்கோடு. உயிருள்ள எந்த அளவும் இப்படி நிற்காது, உணரி செத்துவிட்டது என்று முடிவு கட்டினேன். புதிய உணரி வாங்க மறுநாள் ரிச்சி தெருவுக்குப் போக வேண்டும் என்று குறித்தும் வைத்தேன்.

மாலையில் தேநீர் ஆற்றிக்கொண்டிருக்கும்போது அந்தத் தம்ளர் நினைவுக்கு வந்தது. பனியும் நீரும் கலந்திருக்கும்வரை சூடு பூஜ்யத்தை விட்டு நகராது. கரையும்போது மட்டுமல்ல, உறையும்போதும் அப்படித்தான். சீசா முழுவதும் உறைந்து முடியும்வரை கோடு அங்கே நின்றுதான் ஆக வேண்டும். ஓடிப்போய்ப் பார்த்தேன். நான்கு மணிக்கு மேல் கோடு மறுபடி இறங்கத் தொடங்கி, பூஜ்யத்துக்கு ஒரு பாகை கீழே போயிருந்தது. உணரி சாகவில்லை. அந்த நேர்கோடுதான் அது அதுவரை சொன்னவற்றுள் மிக முக்கியமான சேதி. அந்தத் தட்டில் நீர் உறைந்துகொண்டிருந்தது. அருகிலிருந்த மருந்தும் உறைந்துகொண்டிருந்தது.

*

அன்றிரவே பேருந்து ஏறினேன். திங்கள் பகல் முழுவதும் அம்மாவிடம் எதுவும் கேட்கவில்லை. புதிய சீசா ஒன்றை மருந்துக் கடையில் வாங்கி, குளிர்பெட்டியில் வைத்திருந்தவற்றைத் தொட வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். மருத்துவரிடம் பேசினேன். அவர் முதலில் சொன்னது நான் எதிர்பாராதது. "புது மருந்து போடறதுக்கு முன்னாடி அளவைக் குறைக்கணும். கெட்டுப்போன மருந்துக்குத்தான் நான் அளவைக் கூட்டியிருக்கேன். நல்ல மருந்தை அதே அளவுல போட்டா சர்க்கரை ஒரேயடியா இறங்கிடும்." அந்த அபாயம் எனக்குத் தோன்றியிருக்கவே இல்லை. நானாக மருந்தை மட்டும் மாற்றிவிட்டுச் சென்னைக்குத் திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

இரவு பத்து மணிக்கு அம்மா எழுந்து, நான் தூங்கிவிட்டேனா என்று பார்த்துவிட்டு, சமையலறைக்குப் போனாள். விசை அணையும் ஒலி கேட்டது. குளிர்பெட்டி ஒருமுறை குலுங்கி நின்றது.

அப்போதுதான் அந்த வீட்டின் அமைதி எனக்குக் கேட்டது. அதுவரை அந்த உறுமலுக்குள் எல்லாம் மூழ்கியிருந்தன. இப்போது வேப்பமரத்தின் அசைவு கேட்டது. தெருக்கோடியில் ஒரு நாய். வெளிக்கதவின் கொண்டி காற்றில் லேசாகத் தட்டும் ஒலி. தொலைவில் மதுரைச் சாலையில் ஒரு லாரி. அம்மா திரும்பி வந்து பாயில் படுத்தாள்.

"ஏம்மா நிறுத்துற?" என்றேன்.

வெகுநேரம் பதில் இல்லை. "அந்தச் சத்தத்துல ஒண்ணுமே கேக்க மாட்டேங்குதுய்யா. கேட்டை யாராச்சும் தொறந்தாக்கூடத் தெரியாது. உங்கப்பா இருக்கையில அது ஓடுறதே தெரியல. இப்ப ராத்திரியெல்லாம் அதுதான் கேக்குது. நிறுத்திட்டா கொஞ்சம் தூக்கம் வருது."

மின்கட்டணம் அல்ல. தனியாக ஒரு வீட்டில் படுத்திருக்கும் பெண், தன் வீட்டு வாசலின் ஒலியைக் கேட்டபடி உறங்க விரும்பினாள். அவ்வளவே. இரவில் நிறுத்துவதால் இட்லி மாவு புளித்துவிடுகிறது. அதற்காகச் சில நாட்களில் காலையில் திருகியைக் கடைசிவரை திருப்பி வைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அப்படித் திருப்பியதைக் குறைக்க மறந்திருக்கிறாள். இரவில் ஏறிய சூட்டைவிட, அதைச் சரிக்கட்டப் பகலில் கூட்டிய குளிர்தான் மருந்தைக் கொன்றிருக்கிறது.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

சொன்னேன். சமையலறையில் மினுக்கிக்கொண்டிருக்கும் அந்தச் சின்னப் பெட்டி மணிக்கொரு முறை எனக்குச் சேதி அனுப்புவதைச் சொன்னேன்.

"அப்ப நான் எப்பத் தூங்குறேன், எப்ப எந்திரிக்கிறேன்னு எல்லாம் உனக்குத் தெரியுமா?"

இல்லை, சூடு மட்டும்தான் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அது பொய். அவள் பத்து மணிக்குப் படுப்பதும் ஐந்து மணிக்கு எழுவதும் அந்தக் கோட்டில் தெளிவாகவே இருந்தன. தெரியும் என்றேன்.

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டேனேம்மா."

"கரண்ட் போகுதான்னுதானே கேட்டே. ஃப்ரிட்ஜை நிறுத்துறியான்னு கேக்கலையே."

அவள் குரலில் கோபம் இருந்ததாக நினைவில்லை. திருத்தியதுபோலத்தான் இருந்தது. அதற்கு மேல் இருவரும் பேசவில்லை. அன்றிரவு வெகுநேரம் வரை அந்தக் கொண்டியின் ஒலியைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

*

மறுநாள் செய்தவை எல்லாம் எளிய காரியங்கள். மூன்று சீசாக்களைத் தூர எறிந்தோம். அம்மாவுக்கு அதில்தான் வருத்தம், "மூணுமா?" என்று இருமுறை கேட்டாள். இரண்டு ஆட்களை வைத்துக் குளிர்பெட்டியைப் பின்கட்டுக்கு நகர்த்தினோம். நடுவில் இரண்டு கதவுகள். அதன் உறுமல் படுக்கும் இடத்துக்கு வரவில்லை. புதிய சீசாக்களைப் பனித்தட்டுக்குக் கீழிருந்து நடுத்தட்டுக்கு மாற்றினோம். கதவுத் தட்டும் ஆகாது. திறக்கும்போதெல்லாம் அங்கே சூடேறும்.

பயன்பாட்டிலுள்ள சீசாவைக் குளிர்பெட்டியில்தான் வைக்க வேண்டும் என்பதில்லை. சுமார் நான்கு வாரம் வரை வெளியிலேயே வைத்துக்கொள்ளலாம். 25 பாகைக்குள்ளா, 30 பாகைக்குள்ளா என்பது மருந்துக்கு மருந்து மாறும், உறையில் அச்சிட்டிருப்பார்கள். அம்மாவுடையது 30. எங்கள் ஊர்க் கோடையில் அறைக்குள்ளேயே 34, 35 இருக்கும். மருத்துவர் மண்பானையைச் சொன்னார். பானையில் கொஞ்சம் நீர் ஊற்றி, அதற்குள் ஒரு சிறு டப்பாவில் சீசாவை வைத்து மூடிவிட வேண்டும். அம்மா சிரித்துவிட்டாள். "இதுக்கு நீ மெட்ராஸ்லேருந்து வரணுமா?" என்றாள். உணரியைப் பானைக்குள் விட்டுப் பார்த்தோம். அறையில் 34 இருக்கையில் பானைக்குள் 27. எங்கள் பக்கத்துக் காற்று வறண்டது. பானையின் மேல் கசியும் நீர் விரைந்து ஆவியாகும், அந்த அளவுக்குச் சூட்டைக் கொண்டுபோகும். கடலோர ஊரில் இவ்வளவு குளிராது.

அந்தச் சிறு கணினியை எடுத்துவிடவா என்று அம்மாவிடம் கேட்டேன். முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதை அப்போது கேட்டேன்.

யோசித்தாள். "அது பாக்குறது எனக்குத் தெரியுற மாதிரி செய்ய முடியுமா?" என்றாள்.

முடியும். முனைகள் கேட்பதற்கு மட்டுமல்ல, சொல்வதற்கும் ஆனவை. இரண்டு முனைகளில் பச்சை விளக்கு ஒன்று, சிவப்பு விளக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த 330 ஓம் மின்தடை. 2க்கும் 8க்கும் இடையில் இருந்தால் பச்சை, வெளியே போனால் சிவப்பு. அருப்புக்கோட்டையில் வானொலி பழுதுபார்க்கும் கடையில் பற்றவைத்து வாங்கி வந்தேன். எண்களை எனக்கு அனுப்பும் வரியை என்ன செய்வது என்று கேட்டபோது, "பச்சை எரியும்போது உனக்கு எதுக்கு? சிவப்பு எரிஞ்சா நானே கூப்பிடுறேன்" என்றாள். அந்த வரியை அவள் முன்னாலேயே அழித்தேன்.

மூன்று வாரத்தில் சர்க்கரை பழைய நிலைக்கு இறங்கியது. மருத்துவர் கூட்டிய அளவு இரண்டும் தேவைப்படாமல் போயின.

இதைப் படிப்பவர்களில் பெற்றோரை ஊரில் விட்டுவிட்டு நகரத்தில் இருப்பவர்கள் பலர் இருக்கக்கூடும். அவர்களுக்கு என் பரிந்துரை கணினி அல்ல. குளிர்பெட்டிக்கென்று விற்கும் சாதாரண வெப்பமானி ஒன்றை வாங்கி நடுத்தட்டில் வைத்துவிடுங்கள். மருந்து பனித்தட்டுக்கு அருகில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரை காரணமின்றி ஏறினால், அளவைக் கூட்டுவதற்கு முன் மருந்து இருக்கும் இடத்தைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். மருந்தை மாற்றும்போது அளவையும் அவரிடமே கேளுங்கள். உணரியைப் பொருத்தினால், எதைப் பார்க்கிறது, யாருக்குச் சொல்கிறது என்பதை அந்த வீட்டில் இருப்பவரிடம் முழுதாகச் சொல்லிவிடுங்கள்.

சென்ற ஐப்பசியில் ஓர் இரவு எட்டு மணிக்கு அம்மா அழைத்தாள். "சிவப்பு எரியுதுய்யா" என்றாள். கதவைப் பார்க்கச் சொன்னேன். தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டே பின்கட்டுக்கு நடந்து போனாள். கதவுகள் இரண்டும் திறக்கும் ஒலி கேட்டது. "பூசணிக்கா முட்டிக்கிட்டு இருந்திருக்கு, சாத்தவே இல்ல" என்றாள். சாத்தினாள். பச்சை வரும்வரை பேசிக்கொண்டிருக்கலாம் என்று சொன்னேன். நாற்பது நிமிடம் ஆயிற்று. பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைப் பற்றியும், மழையைப் பற்றியும், அப்பாவின் சைக்கிளை யாருக்குக் கொடுப்பது என்பதைப் பற்றியும் பேசினோம்.